ஃப்ரிட்ஜுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!

"ஐயோ...!"

டெஸ்டிங் ரூமிலிருந்து அலறல்!

புரோகிராமர் விழுந்தடித்து ஓடினாள். முதலாளியம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே... பிணம்!

சாக்லேட் கேக்கின் பிணம். தட்டில் நாலு துணுக்கு மட்டும் மிச்சம்.

கம்பெனி தயாரிப்பது நம்பர் போட்ட அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கும் ஃப்ரிட்ஜ். பதினோரு மணிக்கு அதைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்காக முதலாளியம்மா தன் கையாலேயே செய்த கேக்!

"தின்னது யாரா இருந்தாலும் இன்னைக்கே வேலை காலி!"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் முதலாளியம்மாவின் கணவரும்கூட. ஆபீசில் அவரே அவளை 'மேடம்' என்பார். பயம்தான்!

"வாட்ச்மேன்தான் மேடம். அவன் மூஞ்சியே சரியில்ல."

வாட்ச்மேன், புரோகிராமரின் சொந்தத் தம்பி. கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் போன மாதம் சேர்த்துவிட்டிருந்தாள்.

"அக்கா! நான் தொடவே இல்லக்கா!"

"யார் திறந்தாங்கன்னு ஃப்ரிட்ஜ் எழுதி வைக்கற லாக்ல இருக்கும்ல?" என்றாள் முதலாளியம்மா.

"லாக் அழிஞ்சிருக்கு மேடம்..." என்றாள் புரோகிராமர், லேப்டாப்பைப் பார்த்தபடி.

"ஃப்ரிட்ஜை ரீஸ்டார்ட் பண்ணிடலாமே!" மேனேஜர் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார்.

"பண்ணினா என்ன ஆகும்?" முதலாளியம்மா கேட்டாள்.

புரோகிராமர் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மெமரியில இருக்கறதும் போயிடும்."

"அப்போ மெமரியில இருக்கா? சுவிட்சிலேருந்து கையை எடுங்க! நீ பாரும்மா!"

வேறு வழியில்லை. லேப்டாப்பில் கறுப்புத் திரை விரிந்தது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை, பிழை தேடும் டீபகரால் பிடித்து நிறுத்தினாள். மெமரியைக் காட்டச் சொல்ல எக்ஸ் என்று ஓர் எழுத்து... எத்தனை பைட் வேண்டும்... எந்த முகவரியிலிருந்து...

என்ட்டர்!

21 04

"கடைசியா காட்டின அட்டையோட நம்பர் இது."

"ரெண்டாயிரத்து நூத்தி நாலு! வாட்ச்மேன் நம்பர்!" மேனேஜர் துள்ளினார். "போதும், மூடு! மூடு!"

தம்பிக்குக் கண் நிறைந்தது. அக்கா அதைப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். அவன்...?

"மேடம்... அப்படிப் படிக்கக்கூடாது."

"பின்னே?"

"இந்த மெஷின் நம்பரைத் தலைகீழா வைக்கும். பின்பாதி முதல்ல, முன்பாதி அப்புறம். அது 2104 இல்ல. 0421."

"அது யாரு?"

"நான்தான்."

"காலையில சாப்பிடல மேடம். பசி கண்ணை மறைச்சிடுச்சு. ஆனா... நான் திறந்தப்பவே பாதி கேக் இல்ல! லாக்கையும் நான் அழிக்கல!"

"அக்கா, நீயா?" தம்பி வாயைப் பிளந்தான்.

"அப்போ அந்தப் பாதி?" முதலாளியம்மாவின் குரல் இறங்கியது. அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

"ஒரு நம்பருக்கு ரெண்டு பைட். ரெண்டு பைட் முன்னாடி பார்த்தா, எனக்கு முன்னாடி திறந்தது யாருன்னு தெரியும்."

"எதுக்கும்மா வீண் சிரமம்...?" மேனேஜர் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். தம்பி குறுக்கே நின்றான். வாட்ச்மேன் ஆயிற்றே!

என்ட்டர்!

02 00

"0002!" தம்பி கத்தினான். "மேனேஜர் சார் நம்பர்!"

"உங்களுக்குச் சர்க்கரை முந்நூறு!" முதலாளியம்மா பல்லைக் கடித்தாள். "இனிப்பைக் கண்ணாலகூடப் பாக்கறதில்லைன்னு நேத்துதானே டாக்டர்கிட்ட அளந்தீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுதாம்மா சாப்பிட்டேன்... லாக்கை அழிக்கத்தான் திறந்தேன்..."

அவள் புரோகிராமர் பக்கம் திரும்பினாள். "தம்பியை மாட்டிவிட்டு நீ தப்பிச்சிருக்கலாம். செய்யல. போனாப் போகுது, வேலையைப் பாரு. நாளைக்கு எனக்கு ஒரு கேக் வந்தாகணும்!"

மேனேஜருக்கு உயிர் வந்தது. "அப்போ என்னையும் மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்கிறதா! உங்களைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்... வாரண்டி முடிஞ்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே!"