ஓரத்தில் ஒதுங்கிய எலி

"மருந்தை நான் சரியா மூடலைன்னு எழுதின தாள்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா வேலை போயிடும்."

வந்த பெண் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்துத் துகள் செய்கிற வேதியியலாளர். அழுது முடித்த முகத்தில் இப்போது ஆத்திரம் மட்டுமே மிச்சமிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் காலமெல்லாம் பொய்களைப் பிடித்து ஓய்வு பெற்ற அத்தை, அமைதியாக நாற்காலியைக் காட்டினார். துணைக்கு வந்து உட்கார்ந்த அவருடைய மாப்பிள்ளை அதற்குள் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வேதியியலாளர் விளக்கினார். புற்றுக்கட்டியைக் கொல்லும் அந்த மருந்து, போகிற இடத்தையெல்லாம் கெடுக்கும். அதனால் அதை நுண்துகள்களுக்குள் அடைக்கிறார்கள். கட்டியை மட்டும் சூடாக்கினால் துகள் அங்கே திறந்துகொள்ளும். ஸ்கேனுக்குத் தெரிகிற பொருள் ஒன்றும் கூடவே உள்ளே இருக்கிறது. துகள் மூடியிருந்தால் படத்தில் கறுப்பு, திறந்தால் வெளிச்சம்.

"எலிக்குப் போட்டுச் சோதிச்சப்ப, கட்டியைச் சூடாக்குறதுக்கு முன்னாடியே அதோட உடம்பு முழுக்க வெளிச்சம். எலி செத்துப்போச்சு. துகள் என் கையிலயே ஒழுகிடுச்சாம். எங்க கூடத்துப் பேராசிரியர் சொல்றார். புட்டியை அனுப்புறதோட என் வேலை சரிம்மா, ஸ்கேன் அறைப் பக்கமே நான் போனதில்லை. அடுத்தது நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து. நான் கையெழுத்துப் போட்டா அதுவும் குப்பைக்குத்தான்."

பேராசிரியர் கொடுத்த ஸ்கேன் படத்தை அவர் நீட்ட, அத்தை அதை வெகுநேரம் பார்த்தார். "மாப்பிள்ளை, கல்யாண ஃபோட்டோவுல நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நடுவுல, அத்தை."

"இந்த எலி மட்டும் ஏன் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு?"

உடனே மூவரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார்கள். ஸ்கேன் அறைக்குப் பக்கத்து அறையில் ஊசி போடும் மேசை இருந்தது. மயக்கத்தில் எலி குளிர்ந்துவிடாமலிருக்க அதன்மேல் மின்சாரத்தில் சூடாகும் ஒரு விரிப்பு. எலி படுக்கிற இடத்தில் மட்டும் தடித்த துணி மடித்துப் போட்டிருந்தது. வெறும் விரிப்பில் கை வைத்த அத்தை சட்டென்று எடுத்துக்கொண்டார். அங்கே பழுப்பு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன.

"படம் பொய் சொல்லாதும்மா" என்றபடி பேராசிரியர் தேநீர்க் கோப்பையை அந்த விரிப்பின்மேல் வைத்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழியே சரியில்லை அத்தை. அவங்கதான்" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"பயந்தவங்க எல்லாம் திருடங்க இல்லை." அத்தை அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "எலியை எப்படிம்மா வெப்பீங்க?"

"நடுவுலதான். அதே புட்டி மருந்தைக் கொஞ்சம் ஒரு சின்னக் குழாயில ஊத்திப் பக்கத்துல வெப்போம், ஒப்பிட்டுப் பார்க்க."

"இதுல அந்தக் குழாய் எங்க?"

"அது தேவையில்லாத ஓரம், வெட்டிட்டேன்" என்று பேராசிரியர் குறுக்கிட்டார்.

"முழுப் படம் மெஷின்ல இருக்கா?"

"இருக்கு. யாரும் கேக்கலை."

திரையில் எலி நடுவே பளிச்சென்று கிடந்தது. பக்கத்தில் குழாய் கன்னங்கரேலென்று இருந்தது.

"புட்டி ஒண்ணுதான்" என்றார் அத்தை. "குழாய்க்குப் போனது மூடியே இருக்கு. எலிக்குப் போனது திறந்துடுச்சு. அப்போ ஊசியில இருந்தப்பதான் சூடு பட்டிருக்கணும். இந்த அறையில சூடு எங்க இருக்கு?"

எல்லோரும் விரிப்பைப் பார்த்தார்கள். பேராசிரியர் அவசரமாகக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"கையில இருக்கிறதை இங்க வைக்கிறது உங்களுக்குப் பழக்கம், சார். அன்னைக்கு ஊசி போட்டதும் நீங்கதானே?"

"பார்வையாளர்கள் வந்திருந்தாங்க" என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண், முதன்முறையாகத் தலை நிமிர்ந்து. "ஊசியை இங்க வெச்சுட்டுத்தான் அவங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தார்."

"கைத்தவறு. யாருக்கும் நடக்கும்" என்றார் பேராசிரியர்.

அத்தையின் குரல் உயர்ந்தது. "ஊசியை வெச்சது கைத்தவறு. படத்துலேர்ந்து குழாயை வெட்டினதும் கைத்தவறா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு இந்தப் பொண்ணு தலையில கட்டினீங்க. பிழைக்க வேண்டிய நோயாளிகளோட மருந்தையும் சேர்த்து வெட்டினீங்க. வெக்கமா இல்லையா, சார்?"

வேதியியலாளர் கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார், பேனாவையும் நீட்டினார்.

"பேரை மட்டும் மாத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கப் பேராசிரியருக்குக் கை காலியாக இல்லை. கோப்பையை வழக்கம்போல் விரிப்பில் வைக்கப் போனவர், எல்லோரும் பார்ப்பதைக் கண்டு, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.