பஞ்சவர்ணம் கொலை வழக்கு

டெலிபோன் அலறியது.

"டாக்டர் இளமதியா? கொலை நடந்துடுச்சு."

"போலீசுக்குப் போடுங்க சார். நான் கால்நடை டாக்டர்."

"செத்தது கோழி, டாக்டர்."

ஒரு மணி நேரத்தில் லிட்டில் இந்தியா கிளினிக்குக்குள் நுழைந்தார் தங்கராஜு. ரிட்டயர்டு போலீஸ். பாசிர் ரிஸ்ஸில் தரை வீடு, நாலு கோழி. ஒரு கையில் ஐஸ் பெட்டி, மறு கையில் கோழி இறகு டஸ்டர்.

பின்னால், முறைத்தபடி ஓர் அம்மாள்.

"இவங்க?"

"பக்கத்து வீட்டு பரீதா. சஸ்பெக்ட். தப்பிச்சிடக் கூடாதுன்னு டாக்சியில கூட்டிட்டு வந்துட்டேன்."

"டாக்சி புக் பண்ணதே நான்தான் லா," என்றாள் பரீதா.

மேஜையை டஸ்டரால் தட்டித் தட்டித் துடைத்த பிறகே ஐஸ் பெட்டியிலிருந்து கோழி பஞ்சவர்ணத்தை எடுத்துக் கிடத்தினார் தங்கராஜு.

"அழுக்கு எடத்துல படுக்க மாட்டா... பாருங்க டாக்டர், ஒரு காலு முன்னால, ஒரு காலு பின்னால. விஷம்தான். காலையில கத்துதுன்னு கம்ப்ளெயின் பண்ணது இவங்க. சாயங்காலம் போலீஸ் ரிப்போர்ட் குடுக்கப் போறேன்."

பரீதாவின் கண் கலங்கியது.

"இருபது வருஷம் எங்க வீட்டுப் பிரியாணி சாப்பிட்ட மனுஷன், டாக்டர். கோழி நொண்ட ஆரம்பிச்சதும், நான் குடுத்தத எதிர் வீட்டு நாய்க்குப் போட்டு டெஸ்ட் பண்ணிருக்காரு."

"நாய்க்கு என்னாச்சு?"

"மறுநாளும் பிரியாணிக்கு வந்து நின்னுச்சு," என்று முணுமுணுத்தார் தங்கராஜு.

இளமதி கோழியை உள்ளே கொண்டுபோய் அறுத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"விஷம் இல்ல அங்கிள். ஈரல் பூரா கட்டி. கால் நரம்பு வீங்கியிருக்கு. மாரெக்ஸ்னு ஒரு வைரஸ். கோழிக்குக் கட்டிய வரவெச்சு, கால முடக்கிடும். மனுஷங்களுக்கு வராது. லேப் ரிசல்ட் வரணும், ஆனா எனக்கு டவுட் இல்ல."

"அதப் பரப்புனது யாரு?" அவர் பார்வை பரீதாவை விட்டு நகரவில்லை.

"நோய் புடிச்ச கோழியோட இறகுத் தூசி. அதுல வைரஸ் மாசக்கணக்கா உயிரோட கெடக்கும்..."

இளமதியின் பார்வை மெல்லத் திரும்பியது.

"அந்த டஸ்டர் ஏது அங்கிள்?"

"இதுவா? ஜொகூர்ல கோழிப் பண்ணை வெச்சிருக்குற மச்சான் கட்டிக் குடுத்தான். அவன் பண்ணையில கோழிங்க கொத்துக் கொத்தா செத்துச்சு. இறகு வீணாப் போகுதேன்னு... தீபாவளியிலேர்ந்து தெனம் மூணு வேளை இதாலதான் கூண்டத் தொடைக்..."

டஸ்டர் கீழே விழுந்தது.

"என் மேஜைய வேற தொடச்சிட்டீங்க," என்றாள் இளமதி.

முப்பது வருட சர்வீஸில் இத்தனை சுலபமாக யாரும் அவரிடம் வாக்குமூலம் கொடுத்ததில்லை.

"பரீதா... மன்னிச்சிடும்மா."

பரீதா போனை எடுத்து டாக்சி புக் பண்ணினாள்.

"வாங்கண்ணே. வீட்டுல பிரியாணி இருக்கு. ஆனா வரிசையில நாய்க்குப் பின்னால நில்லுங்க."