இரண்டாவது இறக்கம்

கரண்ட் போய், மோட்டார் நின்று, எண்ணெய் வால்வையும் திறந்துவிட்ட பிறகு பூஜ்யத்தில் கிடக்க வேண்டிய பிரஷர் கேஜின் முள், மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

செழியன் அதைத் தட்டிப் பார்த்தான். அடி அண்ணாமலையின் அந்தச் சாம்பல் செங்கல் கொட்டகையில் அவன் மட்டும்தான். பௌர்ணமி சாயங்காலம், ஆட்கள் எல்லாரும் லீவு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர் உலகமே கிரிவலம் போக, வெறுங்கால்கள் உரசும் சத்தமும் கற்பூர வாசனையும் தகர இடுக்கு வழியே உள்ளே வந்தன. இவ்வளவு பேர் பக்கத்தில் நடக்கும்போது இவ்வளவு தனியாக இருக்க முடியுமா என்று அவனுக்கு அழுகையே வந்தது.

செங்கல்லை அழுத்தி எடுக்கும் பிரஸ்ஸுக்குப் புதிதாகப் போட்ட அக்யுமுலேட்டர் அவன் கணக்குப் போட்டு வாங்கியது. இரும்பு உருளைக்குள் ரப்பர் பை, பைக்குள் நைட்ரஜன், வெளியே எண்ணெய். கரண்ட் போனால் அமுங்கிக் கிடக்கும் வாயு விரிந்து எண்ணெயைத் தள்ளும். பிரஸ் ஒரு முறை இறங்கி வேலையை முடிக்கும். இன்னொரு முறைக்கு எண்ணெய் போதாதபடிதான் அளவெடுத்திருந்தான். அந்த ஒரு முறை இறங்கியாயிற்று. ஸ்பிரிங் இழுத்து மேலேயும் போயாயிற்று. அச்சில் ஒரு செங்கல் மாட்டிக்கொண்டது. விட்டால் காலைக்குள் இறுகி அச்சே பாழ்.

போன் அடித்தது. மனைவி சிந்துஜா.

"இன்னும் அங்கயேவா இருக்கீங்க?"

"ஒரு கல்லு மாட்டிக்கிச்சு. எடுத்துட்டு வந்துடறேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. தனியாத்தான்."

"அப்போ யாருங்க இப்படி மூச்சு வாங்கறது?"

லைன் போய்விட்டது.

அச்சுக்குள் கையை விடுவதற்கு முன், பிரஸ் இறங்கிவிடாதபடி இடையில் மரக்கட்டை வைப்பது கொட்டகை வழக்கம். கணக்குத் தெரிந்தவனுக்குக் கட்டை எதற்கு? சீக்கிரம் வெளியே போய்விட வேண்டும், மனிதர்களோடு சேர்ந்துவிட வேண்டும். முழங்கை வரை உள்ளே விட்டான். ஈரச் சாம்பல் குளிர்ந்தது.

மேலே ஒரு முனகல்.

பிரஸ் இறங்கியது. எண்ணெய் இல்லாமல். நிதானமாக.

மணிக்கட்டின் மேல் வந்து நின்றது. நசுக்கவில்லை. பிடித்துக்கொண்டது.

கத்தினான். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று வெளியே கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது.

முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

அச்சுக்குள், ஈரச் சாம்பலுக்கு அடியிலிருந்து, ஐந்து விரல்கள் மெதுவாக மேலே வந்து அவன் விரல்களோடு கோத்துக்கொண்டன.