சிட்டு ஆறில் ஐந்தாவது ஆள்

சிட்டு ஆறு என்ற காரின் பின்னிருக்கை, சிட்டு ஐந்தில் இருந்ததைவிட ஒரு சாண் குறுகல். அதில் பயணம் செய்த குடும்பங்களின் மனநிறைவோ ஏறியிருந்தது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று நறுமுகைக்குப் புரியவில்லை.

ஒரகடத்து வேகவதி மோட்டார்ஸில் அவள் பயணச் சோதனைப் பிரிவின் தலைவி. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சம்பளம் வாங்காத நேரத்திலும் அதைத்தான் செய்வாள். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டாள். "அந்தப் பூட்டு உன்கிட்ட மாட்டிக்கிட்டுப் படற பாடு இருக்கே" என்பான் கணவன் திவாகர்.

தொழிற்சாலை முகப்பில் ஆறு சிட்டுகளும் வரிசையாக நின்றன. முதல் சிட்டை மனிதர்களே ஓட்டினார்கள். ஸ்கூட்டரில் நாலு பேராகத் தொற்றிக்கொண்டு போன குடும்பங்களுக்காகச் செய்த கார் அது. பின்னால் ஒரு அரிசி மூட்டையும் குக்கரும் வைக்கிற அளவுக்கு டிக்கி. இதன் விலை என்றைக்கும் ஏறாது என்று நிறுவனர் மேடையில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதைக் காப்பாற்றுவதற்குள் பின்னால் வந்தவர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டாவது சிட்டு மின்கலத்துக்கு மாறியது, டிக்கி பாதியானது. மூன்றாவது தானே ஓடியது, ஸ்டீயரிங் போனது. நான்காவதிலிருந்து காரை வரைகிற வேலையே மனிதர் கையைவிட்டுப் போய்விட்டது. 'வடிவி' என்ற பொறி அதை எடுத்துக்கொண்டது. அதற்கு இட்ட கட்டளை இரண்டுதான். விலை ஏறக்கூடாது. நிறைவு குறையக்கூடாது. மற்றதெல்லாம் அதன் பாடு.

நிறைவை அளக்க ஒவ்வொரு இருக்கைக்குள்ளும் ஒரு நிறைவுமானி உண்டு. நாடியையும் மூச்சையும் வியர்வையையும் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்று அன்றன்றே வடிவிக்குச் சொல்லிவிடும். அதற்கு முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஜனங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார்கள். ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் அளந்தால் போதும் என்று விதி கொண்டுவந்தவளே நறுமுகைதான். அதற்கு மேடையில் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

ஐந்தாவது சிட்டில் வடிவி தானாக ஒன்றைச் சேர்த்தது. அதன் பெயர் தனியொலி. தலை சாய்க்கிற மெத்தையிலிருந்து வரும் குரல், அந்த இருக்கைக்காரர் காதுக்கு மட்டும் கேட்கும். அப்பாவுக்குச் செய்தி, பிள்ளைக்குப் பாட்டு. காருக்குள் சண்டை ஒழிந்தது என்று ஊரே கொண்டாடியது.

இப்போது சிட்டு ஏழின் வரைபடம் வந்திருந்தது. மொத்தம் மூன்றே இருக்கை.

"குடும்பக் கார்னு சொல்றோம். மூணு பேர்தான் குடும்பமா மேடம்?" என்று இயக்குநர் கிளாடிஸிடம் கேட்டாள் நறுமுகை.

"நான் சொல்லலை, வடிவி சொல்லுது. சிட்டு ஆறுல முக்காவாசி மூணு பேரோடதான் ஓடுது. மிச்ச இடம் சும்மாதான் போய்ட்டு வருது."

"அஞ்சு பேர் இருக்கற வீட்டுலயுமா?"

"அங்கயும்தான்."

"மிச்சம் ரெண்டு பேர் எங்க போனாங்க?"

கிளாடிஸ் உதட்டைப் பிதுக்கினார். "வீட்டுல இருப்பாங்க. அவங்க இஷ்டம்."

அந்த 'அவங்க இஷ்டம்' நறுமுகையைக் குடைந்துகொண்டே இருந்தது. அவள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். மாமனார் சதீஷ். வண்டி எடுக்கிறார்கள் என்றால் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற மனிதர். சிட்டு ஆறு வாங்கியதிலிருந்து, "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்று நாற்காலியை விட்டு அசைவதில்லை. முழங்கால் வலி என்று நினைத்திருந்தாள். இப்போது அந்த முழங்கால் மீதே சந்தேகம் வந்தது.

செய்யாற்றில் ஒரு புதுமனை புகுவிழா இருந்தது. மாமனாரை விடாப்பிடியாகக் கிளப்பினாள். முன்னால் திவாகரும் சின்னவன் மித்ரனும் உட்கார்ந்தார்கள். பின்னால் மகள் ஆரணி, நடுவில் மாமனார், இந்தப் பக்கம் நறுமுகை. மூன்று பேரும் புளிமூட்டைதான். நடு இருக்கை என்று ஒன்று இருப்பதாகக் கம்பெனி விளம்பரம் சொல்கிறது. உட்கார்ந்து பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

பாலாற்றுப் பாலத்தில் மாமனார் தன் காதுக்கருவியைக் கழற்றி மருமகள் உள்ளங்கையில் வைத்தார். "கொஞ்ச நேரம் வச்சிரும்மா. நொச்சு நொச்சுங்குது."

தனியொலி அவருக்கு அந்தக் கருவி வழியாகவே வந்துகொண்டிருந்தது போலும், கைக்குள் அது விடாமல் முணுமுணுத்தது. நறுமுகை அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"சதீஷ் ஐயா, கால் மரத்துப் போயிருக்கும். பேத்தி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். பாவம், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்திருக்கலாம். அடுத்த தடவை நீங்களாகவே வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். எல்லாருக்கும் நல்லது."

தேனாக ஒழுகியது குரல்.

"எத்தனை நாளா மாமா இப்படிப் பேசுது?" என்று அவர் காதருகே கத்தினாள்.

"வாங்கினதுலேருந்தே. நல்லதைத்தானேம்மா சொல்லுது. நான் வந்தா பேத்திக்கு இடிக்குதுங்கறது நெஜந்தானே?"

"தாத்தா, நான் அப்படில்லாம் நெனைக்கவே இல்லை!" என்றாள் ஆரணி. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நறுமுகையின் தலைமெத்தை மட்டும் செய்யாற்றில் லேசான தூறல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவளிடம் வானிலையைத் தவிர அது வேறெதுவும் பேசியதே கிடையாது. ஏன் தன்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்று அவளுக்கு அதுவும் உறுத்தியது.

மறுநாள் கிளாடிஸிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள்.

"கழுத்தைப் பிடிச்சா தள்ளுது? மரியாதையாத்தானே சொல்லுது" என்றார் கிளாடிஸ்.

"மேடம், இடத்தைக் குறைச்சா நிறைவு குறையணும். அதுக்குப் பதிலா அது ஆளைக் குறைக்குது. வீட்டுல விட்டுட்டு வந்த மனுஷனோட மனசை யாரு அளக்கறா?"

"உட்கார்ந்திருக்கறவங்களை மட்டும் அளந்தா போதும்னு சொன்னது யாரு நறுமுகை?"

நறுமுகைக்கு முகம் சுண்டிப்போனது. வடிவி எதையும் மீறவில்லை. அவள் போட்ட விதியை அப்படியே சிரமேற்கொண்டு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிளாடிஸ் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு அஞ்சு பேரோடயும் ஒரு பயணம் போங்க. நிறைவு கொஞ்சம் குறைஞ்சாலும் சிட்டு ஏழை நிறுத்திடறேன். குறையலைன்னா அங்கயே கையெழுத்து. சரியா?"

நறுமுகையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பின்னிருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்து நிறைவு குறையாமல் போவதாவது! மாமனார் முழங்கால் ஒன்று போதும், சிட்டு ஏழைக் குழிதோண்டிப் புதைக்க. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எந்தக் கிழவரையும் கார் ஒன்று வாசலோடு நிறுத்திவைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராணுவ ஒழுங்கு. "உள்ள ஏறினப்புறம் யாரும் எறங்கக் கூடாது. அது என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க" என்று எல்லாருக்கும் பாடம் நடத்தினாள். மாமனாரின் காதுக்கருவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். ஐந்து பேரும் ஏறி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். மாமனார் முனகினார். அந்த முனகல் நறுமுகைக்குச் சங்கீதமாகக் கேட்டது.

"புறப்படலாமா நறுமுகை?" என்றது அவள் தலைமெத்தை. பிறகு சற்றுத் தயங்குவது போல, "பால் காய்ச்சிய அடுப்பை அணைத்துவிட்டீர்கள்தானே?" என்றது.

அணைத்தேனே என்று நினைத்தாள். திருகைத் திருப்பியது நினைவிருந்தது. ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? வேண்டாம், இது இதன் தந்திரம் என்று பல்லைக் கடித்தாள். தந்திரமாகவே இருக்கட்டும், அடுப்பு நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தால்? கை தானாகக் கதவைத் திறந்தது.

"யாரும் எறங்காதீங்க. ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

அடுப்பு அணைந்து சில்லென்று கிடந்தது. சிலிண்டரையும் மூடிவிட்டு வந்தாள். வாசலைப் பூட்டினாள். ஒரு தரம் இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். மூன்றாவது தரம் இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் சக்கரங்கள் சரளையில் நெரிகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். தெருமுனையில் சிட்டு வளைந்து மறைந்தது.

திவாகரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது கிளாடிஸின் செய்தி வந்தது: 'ஐவர் குடும்பம். பயணித்த அனைவருக்கும் முழு நிறைவு. ஏழுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருத்தப்படாதீர்கள்.'

மூன்று இருக்கை. இப்போது வண்டியில் போகிற நாலு பேரில் அடுத்து யார் என்று மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் திவாகரே கூப்பிட்டான். பின்னணியில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் திவா விட்டுட்டுப் போனீங்க?"

"நீதானே வரலைன்னு சொன்னியாம்? சோதனை பண்றவங்க உள்ள இருந்தா முடிவு செல்லாதாம், வெளியில இருந்துதான் பாக்கணுமாம். வண்டி சொல்லுச்சு. உன் குணத்துக்கு அது சரியாத்தானே பட்டுச்சு" என்றான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனாரின் குரல் குறுக்கே வந்தது. எத்தனையோ நாள் கழித்து அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசினார்.

"நீயும் வந்திருக்கலாமேம்மா! கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். எடம் தாராளமா கெடக்கு!"

நறுமுகை என்னென்னவோ சொன்னாள், கத்திக்கூடச் சொன்னாள். காதுக்கருவி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தபடி போனை மகனிடம் கொடுத்துவிட்டார்.