பச்சைப் பூசணி

"கையில என்ன அண்ணி... கத்தரிக்கோலா?"

விடிந்தும் விடியாத அந்தப் பனிமூட்டத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் துணி பூட்டிய, மாமியாரின் பூத்தையல் வளையம். கையில் கத்தரி. காலடியில் பச்சை நூல் துணுக்குகள். இதைவிடக் கையும் களவுமாக ஒருத்தி அகப்பட முடியுமா!

நாத்தனார் விருந்துக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவளுடைய புது வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காகத்தான் அம்மா மூன்று மாதமாக அந்த இலையுதிர்கால அறுவடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வண்டி நிறையப் பூசணி, பக்கத்தில் கோதுமைக் கட்டு, மேலேயிருந்து உதிரும் சிவப்பு, மஞ்சள் இலைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் இலைகள் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பது போலவும், நாமும் அந்த வண்டியில் ஏறி எங்கோ போவது போலவும் கண் சொக்கும்.

"அம்மா! இங்க வந்து பாரும்மா! ராப்பகலா நீ தைச்சதை உன் மருமக பிரிச்சுப் போடறா!"

மாமியார் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். குனிந்து ஒரு நூலை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினாள்.

"ஏண்டி... என் பொண்ணுக்கு நான் ஒண்ணு செஞ்சு குடுக்கறது உனக்கு அவ்வளவு பொறுக்கலையா?"

"அத்தை... அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல! ஏன் பிரிச்சே? சொல்லு!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி பஞ்சாய்ப் பறந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையை எப்படிச் சொல்லுவாள்? 'அத்தை, உங்களுக்குக் கண் தெரியவில்லை' என்றா?

மாமியார் லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் போன பிறகு தையல் கடை வைத்து, ஊசி முனையிலேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் ஆரஞ்சு என்று நினைத்துப் பச்சையை எடுத்தாள், மஞ்சள் இலைக்கு ஊதாவைக் கோர்த்தாள். மருமகள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்: "அத்தை, ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட..." அவ்வளவுதான்! மாமியார் டம்ளரை ணங்கென்று வைத்தாள். "எனக்குக் கண்ணு தெரியலைன்னு எவ சொன்னா? தைக்க முடியாம போற அன்னிக்கு நான் செத்துட்டேன்னு வச்சுக்கோ!"

அதற்குப் பிறகு மருமகள் வாயைத் திறக்கவில்லை. வீடு எழுந்திருக்கும் முன் எழுந்து, தப்பான நிறத்தைப் பிரித்து, அதே கோட்டில் சரியான நிறத்தைத் தைத்து, வளையத்தை இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். ஊசி குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் சல்லடையாகியிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

"ஏன் ஊமை மாதிரி நிக்கற? காரணத்தைச் சொல்லு, இல்ல அம்மாகிட்ட மன்னிப்பாவது கேளு," என்றான் கணவன், பாதி சவரம் செய்த முகத்தோடு.

"மன்னிச்சிடுங்க அத்தை..."

"பாத்தியாடா, ஒத்துக்கிட்டா! இனிமே இந்த வீட்டுல எனக்கென்ன வேலை? இன்னிக்குச் சாயங்காலமே என் பொண்ணோட கிளம்பறேன்!"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆறு வயதிலேயே தாயை இழந்தவள் அவள். பதினோரு வருஷமாக 'அத்தை' என்று கூப்பிட்டபோதெல்லாம் மனசுக்குள் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அந்த அம்மா இப்போது பெட்டி கட்டுகிறாள்! மருமகள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள்.

மத்தியானம் பெட்டியில் வைப்பதற்காக மாமியார் வளையத்தின் திருகைத் தளர்த்தித் துணியை வெளியே எடுத்தாள். சுருட்டும்போது விரல்கள் துணியின் பின்பக்கத்தில் பட்டன. நின்றன. மறுபடியும் தடவின.

கோதுமைக் கட்டின் பின்னால் அவள் விரலுக்குப் பழக்கமான முடிச்சுகள், மிளகு மிளகாக. பூசணிகளின் பின்னால் ஒன்றுகூட இல்லை. இலைகளின் பின்னாலும் இல்லை. வழவழவென்று இருந்தது.

அவள் கடைப் பழக்கம், ஆரம்பத்தில் ஒரு முடிச்சு, முடிவில் ஒரு முடிச்சு. மருமகளோ முடிச்சே போடமாட்டாள். நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே செருகிவிடுவாள். "முடிச்சுப் போடாம தைக்கறது கதவைப் பூட்டாம தூங்கற மாதிரிடி!" என்று மாமியார் எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்!

"ஏய்... இங்க வா."

மருமகள் வந்து நின்றாள். நாத்தனாரும் வாசற்படியில் வந்து நின்றாள்.

"இந்தப் பூசணியெல்லாம் என்ன கலரு?"

"ஆரஞ்சு, அத்தை."

"நான் தைச்சது என்ன கலரு?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லுடி! என்மேல ஆணை!"

"...பச்சை."

ஜன்னலுக்கு வெளியே மரத்திலிருந்து ஓர் இலை, அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று இறங்கியது.

"எனக்கும் தெரியும்டி..." மாமியாரின் குரல் உடைந்தது. "கொஞ்ச நாளா எல்லாமே பழுப்பாத்தான் தெரியுது. வெளிச்சம் பத்தலை, பல்பு சரியில்லைன்னு என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். எனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு திட்டு வாங்கினியா? பைத்தியக்காரி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!"

"சொன்னா நீங்க தைக்கறதை விட்டுடுவீங்களே அத்தை..."

மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஊசி குத்திய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். நாத்தனார் ஓடி வந்து, "அண்ணி, என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்க அண்ணி!" என்று காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டியைப் பிரிடி," என்றாள் மாமியார் மகளிடம். "நாளைக்கு இவதான் என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப் போறா. நான் எங்கயும் வரலை."

பிறகு துணியைத் தடவியபடி கேட்டாள்: "காலையில பிரிச்ச பூசணி காலியாத்தானே இருக்கு?"

"ஆமா அத்தை. ஆரஞ்சு நூல் எடுத்துத் தரேன்."

"எதுக்கு? உலகத்துல பச்சைப் பூசணியே இல்லையா? பச்சையையே கோத்துக் குடு!"

மருமகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஊசியைக் கோர்த்து, நூல் நுனியில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிச்சுப் போட்டு, மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் விரலால் அதைத் தேடிப் பார்த்தாள்.

"ம்... இப்பத்தான் கதவைப் பூட்டக் கத்துக்கிட்டே," என்றாள்.