அலை வராமல் திறந்த திரை

காலையில் எழுந்ததும் பிர்மினா முதலில் பார்ப்பது கணவன் ஜெரால்டின் கணினியைத்தான். சுவிட்சைத் தட்டினால் போதும். கடவுச்சொல் கேட்காது, யாரும் கட்டளை தட்ட வேண்டியதில்லை. அதை இயக்கும் லினக்ஸ் தானே எழுந்து முகத்திரையை, அதாவது டெஸ்க்டாப்பை, திறக்கும். நீலக் கடல் படம் தெரிந்தால் ஜெரால்டு உயிரோடு இருக்கிறான் என்று பொருள்.

தனியாள் கணினிச் சட்டம் வந்த பிறகு தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒரு கணினிக்கு ஒரே ஆள். அவர் மார்பில் பதித்த சில்லு அனுப்பும் துடிப்பலை வந்தால்தான் முகத்திரை திறக்கும். ஜெரால்டைப் போலக் கடலடிச் சுரங்கத்து வேலைக்குப் போனவர்களோடு பேச முடியாது. அலை மட்டும் கேபிள் வழியே கரைக்கு வரும். இறப்பை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. கறுப்புத் திரையில் வெறும் கர்சர் துடித்தால் அதுதான் செய்தி.

அந்தப் புதன்கிழமை தெருவே அலறியது. எல்லா வீட்டிலும் கறுப்புத் திரை. புயலில் கேபிள் அறுந்துவிட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகே சத்தம் அடங்கியது.

"உங்க வீட்லயும் கறுப்புதான?" எதிர்வீட்டு லூர்தம்மாள் கேட்டாள்.

"ஆமாக்கா" என்று பொய் சொன்னாள் பிர்மினா. உள்ளே நீலக் கடல் திறந்திருந்தது.

கதவைச் சாத்தினாள். அலையே இல்லாமல் இதைத் திறந்தது யார்? வீட்டில் கணினி வேலை தெரிந்தவள் ஒருத்திதான், ஜெரால்டின் தங்கை செலின். சில மாதங்களாக அதைத் துடைக்கக்கூட அவள் யாரையும் விடவில்லை.

"செலின், இது எப்படித் திறக்குது?"

"பழைய அலை மிச்சம் இருக்கும் மைனி." அவள் பார்வை கைக்குழந்தை தூங்கிய தொட்டில் பக்கம் போனது.

செலின் முன்பு செய்யக் கண்டிருந்தபடி, கணினி எழுந்ததும் படிக்கும் தொடக்கக் கோப்பைப் பிர்மினா தானே திறந்து பார்த்தாள். கடைசியில் ஒரு வரி: நுழைந்தவுடன் முகத்திரையைத் தொடங்கு. அலையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

"கேபிள் சரியானதும் இந்த வரியை எடுத்துட்டுப் போட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம் மைனி." செலின் அவள் கையைப் பிடித்தாள். "கறுப்பாத்தான் வரும்."

"எப்பலருந்து?"

"தை மாசத்துலருந்து. உங்களுக்கு அப்ப நிறைமாசம். பிரஷர் ஏறிக் கெடந்தீய. பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம்னு நெனச்சேன். பிறகு வாய் வரல."

"தினமும் பிள்ளையத் தூக்கி அதுக்கிட்ட காட்டுனனே! பக்கத்துல நின்னு பாத்துட்டுதான இருந்த?"

பிர்மினா கையை ஓங்கினாள். செலின் விலகவில்லை. அந்த முகத்தில் எலும்பு தெரிவதைப் பிர்மினா அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணனுக்கு நீ எப்ப அழுத?"

"அழல மைனி. அழுதா உங்களுக்குத் தெரிஞ்சிரும்லா."

ஓங்கிய கை அவள் தோளில் விழுந்து இழுத்து அணைத்தது. தெருவில் மற்றவர்கள் பயம் தெளிந்து உலை வைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் இரண்டு பெண்கள் தரையில் சரிந்து அழத் தொடங்கினார்கள்.