மாரிசாமியின் வலது கண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நுண்ணுயிரியல் மருத்துவர் பரிபூரணத்தின் அறைக்குள் சிவரஞ்சனி ஒரு ஸ்லைடோடு வந்தாள். சர்க்கரை நோயாளியான அப்பா மாரிசாமிக்குக் கன்னம் வீங்கியிருந்தது. கருப்புப் பூஞ்சை என்று இராஜபாளையத்து லேபில் சொல்லிவிட்டார்கள். அவரைச் சேர்த்திருக்கும் மதுரை மருத்துவமனையில் மறுநாள் வலது கண்ணை எடுக்கப்போகிறார்கள். கொரோனா சமயத்தில் அம்மா அதே நோயில் கண்ணை இழந்து, பிறகு இறந்துபோன வீடு. பெயரைக் கேட்டதுமே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

மேற்படிப்பு நுழைவுத் தேர்வை மூன்றாம் முறை எழுதவிருந்த உதவி மருத்துவன் அன்சார் முந்திக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தான்.

"அகலமான இழை, குறுக்குச்சுவர் இல்ல. மியூகர்தான் மேடம், கருப்புப் பூஞ்சையேதான். போன வருசம் பரீட்சையில இதே படம் கேட்டான்."

"கிளை எங்க பிரியுது?"

"கிளையக் காணோம். ஆனா சளி தடவுன இடத்தத் தாண்டி வெறுங்கண்ணாடியிலயும் ஓடுது."

"நீ சொல்லுறத நீயே கேக்க மாட்டியா?" என்றார் பரிபூரணம் சலிப்புடன். மதுரைக்குப் போன் போட்டு, புதிதாகத் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு இராஜபாளையம் போனார்.

லேப் உரிமையாளர் லிங்கேஸ்வரனுக்குக் கோபம். கடை திறந்த நாளிலிருந்து இதே ஆள், இதே முறை, ஒரு புகார் வந்ததில்லை என்றார். பரிபூரணம் வாதாடவில்லை. வழக்கம்போல ஒரு ஸ்லைடு தயார் செய்யச் சொன்னார். அதில் எதையும் தடவ வேண்டாம் என்றார். டெக்னீஷியன் ரத்தினம் கண்ணாடியைக் கழுவி, மேசையடிப் பையிலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்துத் துடைத்து, சாயம் விட்டு நீட்டினார்.

அன்சார் குனிந்தான். "இதுலயும் மியூகர்."

"யாரு மூக்குல இருந்து வந்தது?"

பரிபூரணம் மேசையடிப் பையிலிருந்து ஒரு துணியை உருவிக் காட்டினார்.

"பக்கத்து பேண்டேஜ் கம்பெனி கழிவுத் துணி," என்றார் பரிபூரணம். "பஞ்சு நாரு. சுவர் கிடையாது, கிளையும் கிடையாது, ரிப்பன் மாதிரி முறுக்கிக்கிட்டு கிடக்கும். பரீட்சையில நாலு பூஞ்சை பேரு குடுப்பான். பூஞ்சையே இல்லங்கிறத அங்க கேக்க மாட்டான்."

போன் வந்தது. மதுரையில் எடுத்த திசுவில் பூஞ்சை இல்லை, வெறும் சீழ். கண்ணை எடுக்க வேண்டாமாம்.

அன்சார் மூச்சு விட்டான். சிவரஞ்சனி அந்தத் துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் ரத்தினத்திடம், "எங்கம்மா ஸ்லைடையும் இங்கதான பாத்தீக?"

ரத்தினம் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.